மேஜரைப் பழக்குதல்

2018 அக்டோபர் 9, செவ்வாய்க்கிழமை காலை, தென் குடகின் கரடிகேரியில் அறுபத்திரண்டு வயதுக் காப்பி விவசாயி ஒருவர் தன் தோட்டத்திலேயே காட்டு யானை தாக்கி இறந்தார். யானையைப் பார்த்துக் குரைத்த அவருடைய நாய், யானை துரத்தியதும் அவரைத் தேடி ஓடிவந்தது. யானையும் அதன் பின்னாலேயே வந்தது. நாய்க்குக் காயம் எதுவும் இல்லை.

சாவை ஊருக்குச் சொல்லும் இரட்டைத் துப்பாக்கி வெடி கேட்டபோது, மூன்று தோட்டம் தள்ளி, தேச்சம்மா தன் வீட்டுத் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அன்று காலையில் அது மூன்றாவது தடவை. அப்போதுதான் வீட்டுக்கு வந்திருந்த நாய்க்குட்டி, தன் வேலையை முடித்துவிட்டு, வாசற்படியில் கிடந்த பூட்ஸின் நாக்கைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

குட்டிக்கு மேஜர் என்று பெயர் வைத்தவர் அவருடைய கணவர் பெம்மய்யா. பீரங்கிப் படையில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். "வீட்ல எனக்கு மேல ஒரு ஆபீசர் வேணும்ல? இல்லேன்னா பழக்கம் விட்டுப்போகும்" என்பார்.

"வீட்ல உங்களுக்கு மேல ஏற்கெனவே ஒரு ஆள் இருக்கு" என்றார் தேச்சம்மா. "அந்த ஆள்தான் உங்க ஆபீசரோட மூத்திரத்தைத் துடைச்சிட்டிருக்கு."

சாவு வீட்டிலிருந்து, துக்கத்துக்குக் கட்டும் வெள்ளைப் புடவையோடு திரும்பி நடக்கும்போது தேச்சம்மாவுடன் சுப்பி சேர்ந்துகொண்டார். எரவப் பழங்குடிப் பெண். ஒவ்வொரு தையிலும் காப்பி பறிக்க ஆள் கூட்டிவருபவர். வாயில் வெற்றிலை இருந்தது.

"அக்கா, உங்க வீட்லயும் புதுசா ஒண்ணு வந்திருக்காமே."

"ஆமா. கையகலம்தான் இருக்கு."

"கையகலம் இருக்கும்போதே ரோடு வரைக்கும் சத்தம் கேக்குது. இது வளர்ந்து உங்க வீட்டுக்காரர்கூடத் தோட்டத்துக்குள்ள போச்சுன்னா?" சுப்பி ஓரமாகத் துப்பினார். "கரியன் இருந்தானே, அவன் ஒரு நாய். ஒரு தடவை வாயத் திறந்து பாத்திருக்கீங்களா?"

கரியன் பழைய நாய். அந்த மழைக்காலத்தில் வயதாகிச் செத்துப்போனது. யானை வாசம் பட்டால் அது குரைக்காது. முதுகு மயிர் எழும்ப நின்று, மெதுவாகப் பின்வாங்கி, மனிதரின் கால்களுக்குப் பின்னால் வந்து நின்றுகொள்ளும். கூட வருகிறவர் அப்படியே நின்றுவிட வேண்டும். அவ்வளவுதான் ஒப்பந்தம். அதைக் கரியனுக்கு யார் கற்றுக்கொடுத்தது என்று யாருக்கும் தெரியாது. தானாகவே கற்றுக்கொண்டிருக்கலாம். அதுவரை உயிரோடு இருந்தது அதன் அதிர்ஷ்டம்.

இந்தக் குட்டியை அதிர்ஷ்டத்தை நம்பி விடுவதில்லை என்று தேச்சம்மா முடிவுசெய்தார். பெம்மய்யா தினமும் காலையில் தோட்டத்தின் கடைசியில் உள்ள கெரேவுக்கு, பாசனக் குளத்துக்கு, தனியாகப் போகிறவர். நாய் இல்லாமல் போனால் ஆபத்து. குரைக்கிற நாயோடு போனால் அதைவிட ஆபத்து. கட்டிப்போட்டால் சிறுத்தை தூக்கிக்கொண்டு போய்விடும். கரடிகேரியில் கட்டிப்போட்ட நாய் எதுவும் கிழடானதில்லை. ஆக, ஒரே வழிதான். தையில் பறிப்பு தொடங்குவதற்குள் இந்தக் குட்டியைக் கரியனாக்க வேண்டும்.

ஆனால் மேஜர் அதற்கு முன் வேறு பல வேலைகளை முடிக்க வேண்டியிருந்தது. கோழிக்கூட்டைச் சுற்றிச் சுற்றி ஓடி, இரண்டு கோழிகளை முட்டையிடாமல் செய்தது. விருந்துக்கு ஆவியில் வேகவைத்து மூடியிருந்த கடம்புட்டு உருண்டைகளை மூடியைத் தள்ளித் தின்றுவிட்டு, விருந்தாளிகள் வரும் நேரத்தில் கூடத்தில் வாந்தியெடுத்தது. பெம்மய்யா கல்யாணத்துக்குக் கட்டிக்கொண்டு போகிற சிவப்புப் பட்டுக் கச்சையின் - குப்பியா என்கிற நீள அங்கியின் மேல் இடுப்பில் கட்டுவது - ஒரு முனையை நூல் நூலாக்கியது. அவர் அந்த முனையை உள்ளே மடித்துக் கட்டிக்கொண்டு போனார். பந்தியில் யாரோ கேட்டதற்கு, "மேஜரோட உத்தரவு" என்றார்.

களம் இன்னொரு தலைவலி. தைக்கு முன்பே பழுத்து, வீட்டாரே பறித்த கொஞ்சம் காப்பி அங்கே காய்ந்துகொண்டிருந்தது. சூடான கொட்டையின் மேல் படுத்துப் புரள்வதைப் போல மேஜருக்குச் சுகமானது எதுவுமில்லை. புரண்டுவிட்டு அங்கேயே காலைத் தூக்கப் பார்க்கும். தூக்கத் தெரியாமல் விழும். காப்பிக்கு எந்த வாசமும் ஒட்டிக்கொள்ளும் என்பதால் தேச்சம்மா மண்வாரியோடு ஓடுவார், ஈரமான இடத்தை அள்ளி வெளியே கொட்டுவார், மறுபடி வருவார். குட்டியை ஒரு நாளும் அடிக்கவில்லை. அடித்தால் கூப்பிடும்போது வராது என்பது அவருக்குத் தெரியும். கூப்பிட்டால் வர வேண்டும் என்பதுதான் முழுப் பாடமும்.

பாடத்துக்குக் கருவாடு. சந்தையில் வாங்கிய நெத்திலியைப் புடவை முந்தியில் முடிந்துகொண்டு, விடிந்ததும் குட்டியோடு காப்பி வரிசைகளுக்குள் போவார். குட்டி வேறெங்காவது பார்க்கும்போது தொடையில் ஒரு தட்டு. வாயால் கூப்பிடுவதில்லை; யானை இருக்கும் இடத்தில் மனிதக் குரல் எதற்கு? தட்டினால் வர வேண்டும், வந்தால் நெத்திலி. குரைத்தால் திட்டில்லை, அடியில்லை. முதுகைத் திருப்பிக்கொண்டு மரம் மாதிரி நிற்பார். குட்டி குரைத்துப் பார்க்கும், முன்னால் வந்து குதித்துப் பார்க்கும், களைத்து உட்காரும். வாயை மூடிய அந்த நொடியில் ஒரு நெத்திலி.

ஐப்பசி மாதக் கடைசியில் மேஜர் காலை நேரத்தில் பாதிக் கரியனாகிவிட்டது. காலை நேரத்தில் மட்டும். சாயங்காலம் பெம்மய்யாவோடு போய்த் திரும்பினால் பழையபடி குரைத்துக்கொண்டே வந்தது. இலை ஆடினால் குரைத்தது, மரங்கொத்தி தட்டினால் குரைத்தது. மறுநாள் காலை முதலில் இருந்து தொடங்க வேண்டியிருந்தது.

"உங்ககூட வந்தா மட்டும் ஏன் இப்படி?" என்று கேட்டார் தேச்சம்மா.

"ஆம்பளைங்க சேந்தா அப்படித்தான்."

ஒரு சாயங்காலம் தேச்சம்மா பின்னாலேயே போனார். மிளகுக்கொடி மூடிய மரத்தின் மறைவிலிருந்து பார்த்தார். பெம்மய்யா ஒரு கல்லை எடுத்துப் புதருக்குள் எறிந்தார். புதர் அசைந்தது. மேஜர் பாய்ந்துபோய்க் குரைத்தது. "சபாஷ் மேஜர்!" என்று குனிந்து தட்டிக்கொடுத்து, சட்டைப் பையிலிருந்து வறுத்த பன்றிக்கறித் துண்டை எடுத்து நீட்டினார். இன்னொரு கல். இன்னொரு சபாஷ்.

நெத்திலிக்கு எதிராகப் பன்றிக்கறி. எது ஜெயிக்கும் என்று குட்டியைக் கேட்க வேண்டியதில்லை.

வீட்டில் சண்டை நடந்தது. மகள் பூவியின் பெயரைச் சேர்த்துத்தான் தேச்சம்மா அவரைக் கூப்பிடுவார்.

"பூவியப்பா, நான் விடியக்காலையில போய்த் தவம் பண்றேன். நீங்க பொழுதுசாய அதைக் கலைக்கிறீங்க. சாவு வீட்டுக்கு வந்தீங்கதானே? பாத்தீங்கதானே?"

"பாத்தேன். அது மக்கு நாய். என் நாய் அப்படி ஓடிவராது. எங்க தாத்தா காலத்துல நாய் குரைச்சுப் பன்னியை நிறுத்தி வச்சா, போய்ச் சுடறதுதான் வேலை."

"இப்ப யாரு பன்னி சுடறா? ஜெயில்ல போய் உக்காரவா?"

"குரைக்காத நாய் எதுக்கு? கடையில பஞ்சு நாய் விக்கிறான். ஒண்ணு வாங்கி அலமாரியில வை. மூத்திரமும் போகாது."

"கரியன் குரைச்சானா?"

பெம்மய்யா பேப்பரை விரித்துக்கொண்டார். அடுக்களையில் குக்கர் விசில் அடித்தது. ஒன்று, இரண்டு, மூன்று. பேப்பரைப் பிடித்திருந்த கை அசையவில்லை. தேச்சம்மா போய் அடுப்பை அணைத்தார். கோபத்தில் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்துத்தான் விஷயம் பிடிபட்டது. மதியம் குளத்துப் பக்கம் மோட்டாரைக் கழற்றிக்கொண்டிருந்தவருக்குச் சாப்பாடு கொண்டுபோனார் தேச்சம்மா. சில்வர் ஓக் மரங்கள் இலை உதிர்க்கும் காலம். வரிசை முழுக்கச் சருகு. ஒவ்வொரு அடிக்கும் அப்பளம் நொறுங்குகிற சத்தம். மேஜர் தூரத்திலேயே திரும்பிப் பார்த்து வாலாட்டியது. பெம்மய்யா திரும்பவில்லை. தேச்சம்மா வேண்டுமென்றே ஒரு காய்ந்த சுள்ளியை மிதித்து முறித்தார். திரும்பவில்லை. கைக்கெட்டும் தூரத்தில் போய் நின்றார். வளையலைக் குலுக்கினார். அவர் ஸ்பேனரால் நட்டைத் திருகிக்கொண்டே இருந்தார்.

தோளைத் தொட்டதும் தூக்கிவாரிப்போட்டு எழுந்தார். "எப்ப வந்தே நீ?"

"அந்த வளைவிலேருந்து சருகுல மிதிச்சிட்டுத்தான் வரேன்."

அவர் ஸ்பேனரைத் துணியில் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் துடைத்தார்.

காது கொஞ்சம் மந்தம் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். மைசூரிலிருந்து மகள் பூவி காதுக்கருவி வாங்கி வந்தாள். காட்டுக்குள் போனால் காற்றெல்லாம் ரயில் மாதிரி இரைகிறது என்று அதை டப்பாவோடு வைத்துவிட்டார். பேசினால் பதில் சொல்கிறார், வெடி போட்டால் கேட்கிறது, போதும் என்று தேச்சம்மாவும் விட்டிருந்தார். சருகு கேட்காது, சுள்ளி கேட்காது என்று யோசித்ததில்லை. யானை வருவதைச் சொல்கிற சத்தம் அவை இரண்டும்தான்.

"எத்தனை நாளா?"

"நாளா? வருஷமா." அவர் மோட்டார் மேல் உட்கார்ந்தார். "கரியன் இருந்தவரைக்கும் அவன் எங்க நிக்கிறான்னு பாத்துப் பாத்துத்தான் நடந்தேன். கடைசியில அவனுக்கே கண்ணு தெரியல. செவிடனும் குருடனும் ரோந்து போனோம்." சிரிக்கப் பார்த்தார். "காட்டுக்குள்ள எனக்குக் கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான் தேச்சு. நாய் குரைக்கிற சத்தம்."

தேச்சம்மா தூக்குவாளியைத் திறந்து சாப்பாட்டை எடுத்து வைத்தார். அவர் சாப்பிட்டு முடித்ததும் வாளியை வாங்கி மூடினார்.

"சரி" என்றார் பிறகு. "கேக்க வேணாம். தொடட்டும்."

"என்னது?"

"அவன் வந்து உங்க முட்டியில கால வைக்கட்டும். அது செவிடனுக்கும் தெரியும்ல?"

அன்றிலிருந்து பாடம் மாறியது. மாணவர்கள் இருவர் ஆனார்கள். வாடையில்லாமல் பழக்கம் வராது என்பதால், குளத்துக் கரையில் யானை போட்டுவிட்டுப் போன புதுச் சாணியைத் தேச்சம்மா கூடையில் வாரிக்கொண்டு வந்தார். ஊரே பார்த்தது. "என்னக்கா, பொட்டிக்கடை போடறீங்களா?" என்று சுப்பி ரோட்டிலிருந்து கத்தினார். தேச்சம்மா சாணியை ஏதாவது ஒரு வரிசையில் மறைத்து வைப்பார். பெம்மய்யா குட்டியோடு அந்தப் பக்கம் வருவார். மேஜர் மோப்பம் பிடித்து நின்றதும் அவர் தொடையில் தட்ட வேண்டும். அது திரும்பி வந்து முட்டியில் காலை வைத்தால் கறி. அப்போது அவரும் நின்றுவிட வேண்டும். நின்று, முகத்தைத் திருப்பாமல், வந்த வழியே பின்னால் நடக்க வேண்டும்.

முதல் தடவை மேஜர் சாணியின் மேல் படுத்துப் புரண்டது. கழுத்து முதல் வால் வரை பூசிக்கொண்டு, தட்டாமலேயே ஓடிவந்து பெம்மய்யாவின் மேல் பாய்ந்தது. இரண்டு பேரையும் தேச்சம்மா களத்துக் குழாயடியில் நிறுத்திக் கழுவினார்.

அடுத்த தடவைகளில் சாணியைப் பார்த்துக் குரைத்தது. பெம்மய்யாவின் வாய் தன்னையறியாமல் "சபா" வரை போய்விடும்.

"மூடுங்க வாயை!"

"ஷ் வரலையே!"

"நாயைவிட உங்களப் பழக்கறதுதான் பெரும்பாடு. அதுக்காவது கறி குடுத்தாப் போதும்."

"எனக்கும் குடுத்துப் பாரேன்."

மரமாக நிற்பது அவருக்குத்தான் கடினமாக இருந்தது. குட்டி குரைத்தால் அவருடைய முகம் மலர்ந்துவிடும். தனக்குக் கேட்டுவிட்ட சந்தோஷம். அந்த மலர்ச்சியைக் குட்டி கண்டுகொள்ளும். தேச்சம்மா அவரை முகத்தைத் திருப்பிக்கொள்ளச் சொன்னார். அவர் திருப்பிக்கொண்டார். புத்தரிப் பண்டிகை வந்தது. புதுக்கதிர் அறுத்து வெடி போட்டபோது மேஜர் கட்டிலுக்கடியில் புகுந்து அடுத்த நாள்தான் வெளியே வந்தது. அந்த வாரப் பாடம் முழுக்க வீணாயிற்று. மறுபடி சாணி, மறுபடி கறி. மார்கழிப் பனியில் இருவரும் கம்பளித் தொப்பியோடு போய் நின்றார்கள். சில நாள் நான்கு தடவையும் காலை வைத்தது. சில நாள் ஒரு தடவைகூட இல்லை, பட்டாம்பூச்சியைத் துரத்திப் போய்விட்டது.

தை பிறந்ததும் சுப்பி ஆட்களோடு வந்தார். மேஜரைச் சுற்றிவந்து பார்த்தார். அது இப்போது முழங்கால் உயரம், காதுகள் மட்டும் இன்னும் பெரியவை. அது அவருடைய பறிப்புச் சாக்கின் நுனியைக் கடித்துக்கொண்டு விடாமல் நின்றது.

"இதுவா வாயைத் திறக்காது?"

"திறக்கும். கடிக்கறதுக்கு" என்றார் தேச்சம்மா.

"அக்கா, இவன் ஒரு தடவ குரைச்சு ஆனையக் கூட்டிட்டு வந்தான்னா, என் ஆளுங்க அன்னிக்கே சாக்க மடிச்சிடுவாங்க. அப்புறம் என்னைக் குறை சொல்லக்கூடாது."

"சொல்ல மாட்டேன்."

பறிப்பு தொடங்கிய இரண்டாவது வாரத்தில் ஒரு காலை. மேட்டு வரிசையில் தேச்சம்மாவும் சுப்பியும் பக்கத்துப் பக்கத்துச் செடிகளில் பழம் உருவிக்கொண்டிருந்தார்கள். கீழே குளத்திலிருந்து மேலே வரும் வண்டித்தடம் அங்கிருந்து தெரியும். பெம்மய்யா மோட்டாரைப் போட்டுவிட்டுத் தோளில் ஒரு குழாயோடு ஏறி வந்துகொண்டிருந்தார். மேஜர் முன்னால் ஓடி, நின்று, மோந்து, மறுபடி ஓடிக்கொண்டிருந்தது.

சுப்பி தேச்சம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தார். மோவாயால் காட்டினார்.

தடத்தின் வளைவுக்கு இந்தப் பக்கம், காப்பிச் செடிகளுக்கு மேலே, சாம்பல் நிற முதுகு ஒன்று தெரிந்தது. ஒற்றைக் கொம்பன். பழுத்த காப்பியைக் கிளையோடு இழுத்து உருவிக்கொண்டிருந்தது. சுள்ளி முறிகிற சத்தம் மேடு வரை கேட்டது. பெம்மய்யா நேராக அதை நோக்கி நடந்துகொண்டிருந்தார்.

கத்தினால் அவருக்குக் கேட்காது, யானைக்குக் கேட்கும். தொடையைத் தட்டினால் நாய்க்குக்கூட எட்டாத தூரம். பின்னால் பறிப்பு ஆட்கள் ஒருவர் பின் ஒருவராகக் கையை நிறுத்திக் குந்தினார்கள். தேச்சம்மாவும் குந்தினார். கையிலிருந்த பழங்கள் நசுங்கிச் சாறு விரல்களில் வழிந்தது.

வளைவுக்கு முன்னால் மேஜர் நின்றது. ஒரு முன்காலைத் தூக்கியபடியே நின்றது. கழுத்திலிருந்து வால் வரை மயிர் எழும்பியது. தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது, குரைப்பின் முதல் பாதி. யானை உருவுவதை நிறுத்தியது. காதுகள் விரிந்தன.

"போச்சு" என்றார் சுப்பி, உதடு மட்டும் அசைய.

மேஜர் திரும்பி ஓடியது. பெம்மய்யாவிடம் வந்து, பின்கால்களில் எழும்பி, முன்கால்கள் இரண்டையும் அவர் முட்டியில் வைத்தது. அவர் குனிந்து பார்த்தார். விளையாட்டென்று நினைத்திருக்க வேண்டும். ஒரு கையால் தள்ளிவிட்டு இன்னும் ஓரடி வைத்தார். அது மறுபடி வந்து காலை வைத்தது. இந்தத் தடவை நகம் பதிய வைத்தது. அவர் நின்றார். பையிலிருந்து கறித் துண்டை எடுத்து நீட்டினார். மேஜர் வாங்கவில்லை. அவருடைய கால்களுக்குப் பின்னால் போய், உடம்பை ஒட்டவைத்துக்கொண்டு நடுங்கியது.

பெம்மய்யா தலையைத் தூக்காமல், கண்ணை மட்டும் தூக்கி முன்னால் பார்த்தார். தோளிலிருந்த குழாயைச் சத்தமில்லாமல் இறக்கிப் புல்லில் வைத்தார். பின்னால் ஓரடி. இன்னோரடி. நாய் அவருடைய காலோடு ஒட்டிக்கொண்டே பின்னால் நகர்ந்தது. ஒரு தடவை அவர் அதன் மேல் தடுக்கினார், அது கீச்சென்றது, யானை தும்பிக்கையைத் தூக்கிக் காற்றை மோந்தது. அவர் அசையாமல் நின்றார். மரமாக நின்றார். நாயும் நின்றது. பிறகு மறுபடி ஓரடி. மோட்டார் கொட்டகையின் சுவர் முதுகில் இடிக்கும் வரை அப்படியே போய், கதவுக்குள் நாயை முதலில் தள்ளி, தானும் நுழைந்தார்.

யானை கொஞ்ச நேரம் தடத்தையே பார்த்துக்கொண்டு நின்றது. பிறகு இன்னும் இரண்டு செடிகளை உருவிவிட்டு, வேலிக் கம்பியைச் சாய்த்து, பக்கத்துத் தோட்டத்துக்குள் இறங்கிப் போனது.

சுப்பி எழுந்து தேச்சம்மாவின் கையைப் பிடித்தார். இருவரும் மேட்டிலிருந்து சுற்றுவழியாகக் கொட்டகைக்குப் போனபோது பெம்மய்யா தரையில் உட்கார்ந்திருந்தார். மடியில் மேஜர். அவருடைய கால்சட்டை நனைந்திருந்தது.

"அது நான் இல்ல" என்றார் முதல் வேலையாக. "ஆபீசர்."

தேச்சம்மா அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். முந்தியை வாயில் வைத்துக்கொண்டு அழுதார், சிரிக்கவும் செய்தார்.

"குரைச்சான்ல?" என்றார் பெம்மய்யா. "எனக்கு ஒண்ணும் கேக்கல. குரைச்சானா?"

"பாதி" என்றார் சுப்பி, வாசலில் நின்றபடி. "மீதியை முழுங்கிட்டான்."

"அப்ப பாடம் இன்னும் பாதி இருக்கு" என்றார் தேச்சம்மா, முகத்தைத் துடைத்துக்கொண்டு.

தகவல் போய், வனத்துறை ஆட்கள் மதியம் வந்து, பட்டாசு வெடித்து யானையைக் காட்டுப் பக்கம் விரட்டினார்கள். அன்று பறிப்பு நடக்கவில்லை. மறுநாள் காலை சுப்பியின் ஆட்கள் வழக்கம்போல் வேலைக்கு வந்தார்கள். பெம்மய்யா மேஜரைக் கூட்டிக்கொண்டு மோட்டார் போடப் போனார்.